ராபின் ஹுட்: வில் மிஞ்சியது, கணக்கு தொலைந்தது

இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுப்பவன் என்று பெயர்பெற்ற ஆங்கிலக் கள்ளனைப் பற்றி 2018 நவம்பரில் வெளியான ‘ராபின் ஹுட்’ ஆங்கிலப் படம் முன்ஜாமீன் வாங்கிக்கொண்டுதான் தொடங்குகிறது. இது எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள், இதுவரை கேள்விப்பட்டதை எல்லாம் மறந்துவிடுங்கள் என்று கதைசொல்லியின் குரல் முதலிலேயே சொல்லிவிடுகிறது. லாக்ஸ்லி என்ற ஊரின் இளம் பிரபு ராபின். குதிரையைத் திருட வந்த மரியனிடம் மனதைப் பறிகொடுக்கிறான். மகிழ்ச்சியாக இருக்கும்போதே சிலுவைப்போருக்கு வரச் சொல்லிக் கட்டாய ஆள்சேர்ப்புக் கடிதம் வந்து சேர்கிறது. அடுத்த காட்சியில் பாலைவன நகரம் ஒன்றின் சந்துகளில், சுவரோடு ஒட்டியபடி, ஒருவருக்கொருவர் கைச்சைகை காட்டிக்கொண்டு வில்லாளிகள் முன்னேறுகிறார்கள். எதிரே ஒரு குறுக்குவில் இயந்திரத் துப்பாக்கியைப் போல அம்புகளைக் கக்குகிறது. ஈராக் போரைப் பற்றிய படம் ஒன்றை எடுத்து, துப்பாக்கிகளை மட்டும் மாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். அப்படித் தோன்ற வேண்டும் என்பதுதான் இயக்குநர் ஓட்டோ பாதர்ஸ்டின் நோக்கமும்.

டாரன் எகர்ட்டன் ராபினாகவும், ஜேமி ஃபாக்ஸ் ஜானாகவும், பென் மெண்டல்சன் நாட்டிங்ஹாம் ஷெரிஃபாகவும் (அரசரின் மாவட்ட அதிகாரி) நடித்த இந்தப் படத்தை விமர்சகர்கள் வறுத்தெடுத்தார்கள். தையல்கடையிலிருந்து நேரே வந்தது போன்ற மேலங்கிகள், குரோஷியாவின் டுப்ரோவ்னிக் நகரில் எடுத்த நாட்டிங்ஹாம் என எல்லாம் கேலிக்குள்ளாயின. ‘இது ராபின் ஹுட்டே இல்லை’ என்பதுதான் பலருடைய தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ராபின் ஹுட்டுக்கு ஒரு மூலக்கதை இருந்து, அதைப் படம் கெடுத்திருந்தால்தான் அந்தக் குற்றச்சாட்டு நிற்கும். அறுநூறு ஆண்டுகளாக ஒவ்வொரு தலைமுறையும் இந்த ஆளைத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டுதான் வந்திருக்கிறது. பாதர்ஸ்ட் செய்ததும் அதே வேலைதான். படத்தின் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அதைக் காட்டப் பழைய பாட்டுகளுக்குப் போக வேண்டும்.

இலக்கியத்தில் ராபின் ஹுட்டின் பெயர் முதலில் தென்படுவது 1377-ஐ ஒட்டி வில்லியம் லாங்லாண்ட் எழுதிய நெடுங்கவிதையில். சோம்பலின் உருவமாக அதில் வரும் பாதிரியார், கர்த்தருடைய ஜெபம்கூடத் தனக்கு முழுதாகத் தெரியாது, ராபின் ஹுட் பாட்டு நன்றாகத் தெரியும் என்கிறார். அதாவது அப்போதே அது சத்திரங்களில் பாடித் திரிந்த, பெரிய மனிதர்கள் முகம் சுளித்த சரக்கு. எழுத்தில் நமக்குக் கிடைக்கும் பழைய கதைப்பாடல்கள் 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தொடங்குகின்றன. 1500-ஐ ஒட்டி அச்சான ‘எ கெஸ்ட் ஆஃப் ராபின் ஹோட்’ என்ற 456 செய்யுள் கொண்ட நெடும்பாட்டுதான் அவற்றில் பெரியது.

அந்தப் பாட்டைப் படிக்கிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும். மரியன் இல்லை. ராபினின் கூட்டாளியாக நாம் அறிந்த டக் சாமியார் இல்லை. சிலுவைப்போர் இல்லை. அரசர் சிங்கநெஞ்சர் ரிச்சர்ட் இல்லை, எட்வர்ட் என்ற பெயருள்ள ஒருவர். ராபின் பிரபு அல்ல. குடியானவனுக்கு மேல், பிரபுவுக்குக் கீழ் இருந்த நடுத்தட்டு ஆள். அவன் பெரும்பாலும் இருப்பது ஷெர்வுட் காட்டில்கூட இல்லை, யார்க்‌ஷயரில் இருக்கும் பார்ன்ஸ்டேலில். இருக்கிறவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் காட்சியும் இல்லை. ஏழைகளுக்கு அவன் நிறைய நன்மை செய்தான் என்று கடைசிச் செய்யுளில் போகிறபோக்கில் ஒரு வரி வருகிறது, அவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக இருப்பது கணக்கு. முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளலாம். விருந்தாளி கிடைக்காமல் சாப்பிட உட்கார மாட்டேன் என்று ராபின் அடம்பிடிக்கிறான்; விருந்தாளி என்றால் சாப்பாட்டுக்குக் காசு கொடுக்கக்கூடிய ஆள். அவன் கூட்டாளி லிட்டில் ஜானும் இன்னும் இருவரும் சாலையில் காத்திருந்து ஒரு நைட்டை, அதாவது வீரப்பட்டம் பெற்ற ஒரு குதிரைவீரரை, அழைத்து வருகிறார்கள். அவர் ஒரு காலை மட்டும் அங்கவடியில் வைத்து, மறு காலைத் தொங்கவிட்டு, முக்காடு கண்ணை மறைக்க, துவண்டுபோய்க் குதிரையில் வருகிறார். மானிறைச்சி, அன்னம், ரொட்டி, ஒயின் என்று நல்ல விருந்து. முடிந்ததும் ராபின் காசு கேட்கிறான். தன்னிடம் பத்து ஷில்லிங்தான் (அரைப் பவுண்டு) இருக்கிறது என்கிறார் நைட். அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிட இது தர்மசத்திரம் இல்லையே. லிட்டில் ஜான் தன் மேலங்கியைத் தரையில் விரித்து, நைட்டின் பெட்டியைக் கவிழ்த்து எண்ணுகிறான். சரியாகப் பத்து ஷில்லிங். ‘ஆள் நேர்மையானவர்’ என்று அறிக்கை தருகிறான்.

பிறகுதான் கதை வெளியே வருகிறது. நைட்டின் மகன் ஒரு சண்டையில் கொலை செய்துவிட்டான். அவனை மீட்க, யார்க் நகரின் செயின்ட் மேரி மடத்தில் நிலத்தை அடகு வைத்து 400 பவுண்டு வாங்கியிருக்கிறார். தவணை நெருங்கிவிட்டது, நிலம் போகப்போகிறது. ஆண்டுக்கு 20 பவுண்டு நில வருமானம் இருந்தாலே நைட் பட்டம் ஏற்றுக்கொள்ளும்படி 13-ஆம் நூற்றாண்டு அரசு நெருக்கியதுண்டு. அந்த அளவில் பார்த்தால் 400 பவுண்டு என்பது இருபது ஆண்டு வருமானம். பிணை நிற்க யார் இருக்கிறார்கள் என்று ராபின் கேட்கிறான். மாதாவைத் தவிர யாரும் இல்லை என்கிறார் நைட். அந்தப் பிணை போதும் என்று 400 பவுண்டைக் கடனாக எடுத்துக் கொடுக்கிறான். லிட்டில் ஜான் எண்ணும்போதே கைதாராளமாக அதிகம் போடுகிறான். நைட்டுக்கு உடுப்புத் துணியும் கொடுக்கிறார்கள்; அதை அளக்க முழக்கோலுக்குப் பதிலாகத் தன் வில்லையே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அளவுக்கும் மூன்றடி தள்ளி வைத்து அளக்கிறான். கூட இருக்கும் மச் என்ற கூட்டாளி ‘நீ என்ன ஜவுளிக்காரன்!’ என்று தலையில் அடித்துக்கொள்ள, இன்னொருவன் சிரிக்கிறான்: ஜானுக்கென்ன, அவன் காசு போட்டா வாங்கினான்?

கடன் திரும்பி வரும் விதம் இதைவிட அழகு. தவணை நாளில் நைட் வரவில்லை; அதே செயின்ட் மேரி மடத்தின் துறவி ஒருவர் வழியில் சிக்குகிறார். கையில் எவ்வளவு என்றால், இருபது மார்க் (சுமார் 13 பவுண்டு) என்கிறார். மறுபடி மேலங்கி விரிகிறது, பெட்டி கவிழ்கிறது, 800 பவுண்டுக்கு மேல் கொட்டுகிறது. மாதா பிணை நின்ற கடனை மாதாவின் மடமே இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று ராபின் கணக்கை முடிக்கிறான். பிற்பாடு நைட் பணத்தோடு வந்து நிற்கும்போது, ஏற்கெனவே வரவு வைத்தாகிவிட்டது என்று வாங்க மறுத்து, கூடுதலாக வந்ததில் 400 பவுண்டை அவருக்கே கொடுக்கிறான்.

உண்மை சொன்னவனுக்கு மரியாதை, பொய் சொன்னவனுக்கு நஷ்டம். அதே பெட்டி, அதே மேலங்கி, இரண்டு எண்ணிக்கை. ஐந்நூறு ஆண்டுக்கு முன் கதை சொன்னவருக்கு இந்த அமைப்பு எவ்வளவு கச்சிதமாகக் கைவந்திருக்கிறது என்று பார்த்தால், இன்றைய திரைக்கதை வகுப்புகள் வெட்கப்பட வேண்டும். இன்னொரு பழைய பாட்டில் ராபின் குயவன் வேடத்தில் நாட்டிங்ஹாம் சந்தைக்குப் போய், ஐந்து பென்னி பானையை மூன்று பென்னிக்கு விற்கிறான். பானைகள் பறந்துபோகின்றன, இவன் பிழைக்கத் தெரியாத வியாபாரி என்று ஊரே பேசிக்கொள்கிறது. மிஞ்சியதை ஷெரிஃபின் மனைவிக்கு அன்பளிப்பாக அனுப்பி, அந்த வழியாக ஷெரிஃபின் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே போய்விடுகிறான்.

பழைய பாட்டுகள் எல்லாமே இப்படிச் சிரிப்பும் தாராளமுமாக இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. 1450-ஐ ஒட்டிய கையெழுத்துப் படியில் இருக்கும் பாட்டில், ராபினைக் காட்டிக்கொடுத்த துறவியை லிட்டில் ஜான் வெட்டிச் சாய்க்கிறான். கூட வந்த சின்னப் பையனையும், போய்ச் சொல்லிவிடுவான் என்ற பயத்தில், மச் கொன்றுவிடுகிறான். பாட்டு அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீரும் விடுவதில்லை. 2018 படத்தின் வன்முறை அதிகம் என்று குறைப்பட்டவர்கள் இந்த இடத்தைப் படித்தால் திடுக்கிடுவார்கள். படத்து ராபின் எவ்வளவோ சாது.

இந்த முரட்டு நாட்டுப்புறத்தான் எப்படிப் பிரபுவானான் என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். அவன் வாழ்ந்த காலத்தை ஆளாளுக்கு ஓரிடத்தில் குறித்தார்கள். 1420 வாக்கில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ விண்டன் 1280-களில் வைத்தார். 1440-களில் வால்டர் போவர் 1266-க்குத் தள்ளினார். 1521-இல் ஜான் மேஜர் என்ற அறிஞர், ரிச்சர்ட் சிறைப்பட்டிருந்த 1193-94-இல் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தக் கணக்குதான் ஒட்டிக்கொண்டது. ஏழைகளைத் தொடாமல் பணக்கார மடாதிபதிகளிடம் பறித்தவன் என்ற நல்லபெயருக்கும் மேஜரின் எழுத்து உதவியது. மரியன் பிரெஞ்சு ஆயர் நாடகங்களிலிருந்து மே மாதத் திருவிழா ஆட்டங்கள் வழியாக வந்து சேர்ந்தவள். டக் சாமியாரின் பெயர் ஒரு குற்றவாளியின் பட்டப்பெயர்: சசெக்ஸில் ராபர்ட் ஸ்டாஃபர்ட் என்ற பாதிரியார் இந்தப் பெயரில் கொள்ளைக்கூட்டம் நடத்தியதாக 1417-ஆம் ஆண்டு ஆவணம் இருக்கிறது. 1598-இல் ஆந்தனி மண்டே மேடைக்காக எழுதியபோது ராபின் ஹண்டிங்டன் பிரபு ஆனான். 1819-இன் முடிவில் வால்டர் ஸ்காட் நாவலில் மண்ணின் சாக்சன்களுக்கும் அவர்களை வென்று ஆண்ட நார்மன்களுக்கும் இடையிலான பகை நுழைந்தது. நாம் ‘அசல்’ என்று நினைக்கும் ராபின் ஹுட்டின் பெரும்பகுதி இப்படி ஒட்டுப்போட்டதுதான்.

உண்மையில் அப்படி ஓர் ஆள் இருந்தானா என்ற கேள்விக்கு ஆவணங்களில் கிடைப்பவை துணுக்குகளே. 1225-இல் யார்க் நீதிமன்றத்துக்கு வராமல் ஓடிப்போன ராபர்ட் ஹாட் என்பவரின் தட்டுமுட்டுச் சாமான்கள் பறிமுதல் ஆகி, அவற்றின் மதிப்பு 32 ஷில்லிங் 6 பென்னி என்று அரசுக் கணக்கில் ஏறியிருக்கிறது. அக்காலத்தில் நீதிமன்றம் அடுத்தடுத்துக் கூப்பிட்டும் வராதவரைச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்தே விலக்கிவிடுவார்கள். சொத்து அரசுக்குப் போகும். அந்த ஆளை யார் கொன்றாலும் கேள்வி இல்லை. 1262-இல் பெர்க்‌ஷயரில் வில்லியம் என்ற ஓர் ஓடுகாலியின் பெயருக்குப் பின்னால் எழுத்தர் ‘ரோப்ஹாட்’ என்று சேர்த்திருக்கிறார். அதற்குள் அது கள்ளர்களுக்குப் பொதுவான பட்டப்பெயராகிவிட்டது போலும். இன்று எங்காவது ஒரு திருடன் நாலு பேருக்கு உதவினால் நம் பத்திரிகைகள் ‘ராபின் ஹுட் பாணி’ என்று எழுதுவதற்கு, அந்த எழுத்தர்தான் முன்னோடி.

படத்தில் எனக்கு மிகவும் சுவாரசியமாகப் பட்டது அந்த ஆள்சேர்ப்புக் கடிதம். பார்க்கிறவர்களுக்கு வியட்நாம் போர்க்காலத்து அமெரிக்கா நினைவுக்கு வரும். 12-ஆம் நூற்றாண்டின் ஏற்பாடு இதற்கு நேரெதிர். சிலுவைப்போருக்குப் போவது அவரவர் எடுத்துக்கொள்ளும் நேர்த்திக்கடன். யாரும் கடிதம் போட்டுக் கூப்பிடவில்லை. நெருக்கடி வேறு வழியில் வந்தது. ஜெருசலேம் 1187-இல் முஸ்லிம் சுல்தான் சலாவுதீன் வசமானதும், மறு ஆண்டே இரண்டாம் ஹென்றி மன்னர் ‘சலாவுதீன் வரி’ என்று பெயர்பெற்ற வரியைப் போட்டார். வருமானத்திலும் அசையும் பொருளிலும் பத்தில் ஒரு பங்கு. சிலுவை ஏற்றுக் கிளம்பும் நைட்டுகளுக்கும் குருமார்களுக்கும் விலக்கு உண்டு. வீட்டில் இருந்தால் பத்தில் ஒன்று போகும், போருக்குப் போனால் பணம் மிஞ்சும். பலருக்குப் பக்தி சட்டென்று பெருகியதில் ஆச்சரியமில்லை. கிளம்பாமல் சாக்குச் சொன்னவர்களுக்கு நூல் நூற்கும் தக்களியையும் கம்பளியையும் அனுப்பி, ‘வீட்டில் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிரு’ என்று ஊரார் சொல்லாமல் சொன்னதாகவும் அக்காலக் குறிப்பு இருக்கிறது. வரி விலக்கும் மானக்கேடும் சேர்ந்து ஆளைத் தள்ளிய அந்த ஏற்பாடு, படத்தின் கடிதத்தைவிட எவ்வளவு கூர்மையான காட்சியாக இருந்திருக்கும்!

படத்தின் இன்னொரு முடிச்சு கைதிகளின் கொலை. தளபதி கிஸ்போர்ன் கைதிகளை ஒவ்வொருவராகக் கொல்ல, எதிர்ப்படை வீரர் யஹ்யாவின் (ஜேமி ஃபாக்ஸ்) மகனைக் காப்பாற்ற ராபின் குறுக்கே பாய்கிறான், முடியவில்லை. தண்டனையாக ஊருக்கு அனுப்பப்படுகிறான். இதற்கு வரலாற்றில் ஒரு நிழல் உண்டு. 1191 ஆகஸ்ட் 20 அன்று ஏக்கர் நகரத்துக்கு வெளியே சுமார் 2,700 முஸ்லிம் கைதிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கட்டளையிட்டவர் ஏதோ ஒரு தளபதி அல்ல, அரசர் ரிச்சர்டே. மற்ற எத்தனையோ ராபின் ஹுட் படங்களில் கடைசிக் காட்சியில் ஒளிவட்டத்தோடு வந்து எல்லோரையும் மன்னிக்கிறாரே, அதே ரிச்சர்ட். 2018 படம் அரசரைத் திரைக்கே கொண்டுவரவில்லை. அந்தப் பழியை ஒரு கீழ்நிலை அதிகாரியின் தலையில் கட்டிவிட்டு நகர்கிறது. துணிச்சலான படம் என்று தன்னை நினைத்துக்கொண்ட ஒன்று, கையில் கிடைத்த மிகத் துணிச்சலான செய்தியை நழுவவிட்ட இடம் இது.

ரிச்சர்டின் கஜானாவும் கவனிக்கத் தக்கது. போருக்குப் பணம் சேர்க்க அவர் 1189-இல் அரசுப் பதவிகளைக் கூவி விற்றார். ஷெரிஃப் பதவிகளும் அதில் அடக்கம். வாங்க ஆள் கிடைத்தால் லண்டனையே விற்றுவிடுவேன் என்று அவர் சொன்னதாக அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஷெரிஃப் பதவி ஏறக்குறைய ஒரு குத்தகை. மாவட்டத்துக்கென்று குறித்த தொகையை ஆண்டுதோறும் அரசுக்குக் கட்ட வேண்டும், அதற்கு மேல் கறந்தது அவருக்கு. விலை கொடுத்துப் பதவி வாங்கியவர் போட்டதை எடுக்காமல் விடுவாரா? பாட்டுக்காரர்கள் ஷெரிஃபைக் குறிவைத்ததற்குக் காரணம் அவருடைய குணம் மட்டும் அல்ல, அந்தப் பதவி இயங்கிய விதமும்தான். பிறகு ரிச்சர்ட் ஊர் திரும்பும் வழியில் பிடிபட்டு, மீட்புப் பணமாக 1,50,000 மார்க் கேட்கப்பட்டபோது, குடிகளின் வருமானத்திலும் பொருளிலும் நாலில் ஒன்று வரியாக விழுந்தது. கோயில்களின் வெள்ளிப் பாத்திரங்களும் போயின. படத்தில் ஷெரிஃப் ‘போர் வரி, போர் வரி’ என்று முழங்குகிறார். யாரிடமிருந்து எவ்வளவு, எதற்கு எவ்வளவு என்று ஓர் எண்கூட நம் காதில் விழுவதில்லை.

அம்பு விடும் காட்சிகளுக்கு வருவோம். படம் பெருமைப்பட்டுக்கொண்டதும் இதில்தான். எகர்ட்டனுக்குப் பயிற்சி கொடுத்தவர் டென்மார்க்கின் லார்ஸ் ஆண்டர்சன். 2015-இல் ஒரு யூடியூப் காணொளியில் பல அம்புகளை ஒரே கையில் பிடித்துக்கொண்டு, ஓடியபடியும் குதித்தபடியும் கண்மூடித் திறப்பதற்குள் எய்து காட்டிப் பெயர்பெற்றவர். படத்தில் ராபின் செய்வதும் அதுவே. அம்புக்கூட்டுக்குக் கை போவதில்லை. விரலிடுக்கிலிருந்தே அடுத்த அம்பு நாணேறுகிறது. இது கிழக்கத்திய வில்வித்தை நூல்களில் இருக்கும் உத்திதான், பொய் அல்ல. ஆனால் இந்த வேகம் இலகுவான வில்லில்தான் சாத்தியம்.

ஆங்கிலேயரின் போர் நெடுவில் வேறு ரகம். 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் போர்க்கப்பலில் 137 முழு வில்களும் 3,500-க்கு மேற்பட்ட அம்புகளும் கிடைத்தன. யூ மரத்தில் செய்த அந்த வில்களை முழுதாக இழுக்க 100 முதல் 185 பவுண்டு வரை, அதாவது சுமார் 45 முதல் 84 கிலோ வரை விசை வேண்டும் என்று கணித்திருக்கிறார்கள். ஒரு மூட்டை சிமெண்டை மூன்று விரலால் காது வரை இழுப்பதற்குச் சமம். கையால் மட்டும் இழுத்தால் முடியாது. முதுகையும் இடுப்பையும் வில்லுக்குள் சாய்க்க வேண்டும். சிறுவயதிலிருந்தே பழகினால்தான் உடல் இணங்கும். அக்கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றில் தோள்பட்டை எலும்பின் முனை ஒன்றுகூடாமலே இருப்பதை, சிறுவயதிலிருந்து வில் இழுத்ததன் அடையாளமாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 1363-இல் மூன்றாம் எட்வர்ட், விடுமுறை நாட்களில் மற்ற விளையாட்டுகளை விட்டு வில் பழகச் சொல்லி ஆணையிட்டது இந்த உடலை உருவாக்கத்தான். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த கிரெஸ்ஸி, அஜின்கோர் போர்கள் அந்த வில்லால் கிடைத்த வெற்றிகள். 15-ஆம் நூற்றாண்டுப் பாடகர்கள் ராபின் கையில் கொடுத்ததும் அதைத்தான். ரிச்சர்டின் காலத்துக்கு அது பின்னால் வந்த புகழ். காலக்குழப்பம் இந்தப் படத்தில் மட்டும் இல்லை, ராபினை ரிச்சர்டின் காலத்தில் வைத்து அந்த வில்லைக் கொடுக்கும் எல்லாக் கதைகளிலும் இருக்கிறது.

அம்புகளைக் கக்கும் அந்த இயந்திரம் அப்பட்டமான கற்பனை. சீனாவில் தொடர்ந்து எய்யும் சிறிய குறுக்குவில் இருந்தது, ஆனால் கல்சுவரைப் பெயர்க்கும் பூதம் அல்ல. ஐரோப்பியக் குறுக்குவில்லை ஒருமுறை எய்தால், மறுமுறை நாணேற்ற நேரம் பிடிக்கும். அப்படிப்பட்ட மந்தமான ஆயுதத்தின் ஒரே அம்பு தோளில் பாய்ந்துதான் 1199-இல், பிரான்சின் ஷாலூ கோட்டை முற்றுகையில், ரிச்சர்ட் செத்தார்.

படத்துக்கு நியாயமாகச் சேர வேண்டிய பாராட்டு ஜேமி ஃபாக்ஸின் பாத்திரத்துக்கு. ராபினின் கூட்டத்தில் ஒரு முஸ்லிம் இருப்பது அரசியல் நாகரிகத்துக்காக நேற்றுச் சேர்த்தது என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். 1984-இலேயே பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் நாசிர் என்ற முஸ்லிம் வந்தான். 1991-இல் கெவின் காஸ்ட்னர் நடித்த படத்தில் மார்கன் ஃப்ரீமன் அசீமாக வந்தார். மே திருவிழாவில் மரியன் நுழைந்ததைப் போலத்தான் இதுவும். நுழைந்தவர்கள் பிறகு வெளியே போவதில்லை. 2018 படம் ஒரு படி மேலே சென்று, அந்த ஆளையே லிட்டில் ஜான் ஆக்கியது. யஹ்யா தன் பெயரை ஆங்கில வாயில் நுழையும்படி ஜான் என்று மாற்றிக்கொள்கிறார். ராபினைப் பழக்குவதும் திட்டம் போடுவதும் அவரே. மகனை இழந்தவர் எதிரி நாட்டின் போர்ப் பணத்தையே அறுக்க வருகிறார் என்பது நல்ல காரணம். கதையில் பணம் உண்மையாகவே பொருள்படும் ஒரே இடமும் அதுதான்.

பிறகு படம் முகமூடியை மாட்டிக்கொள்கிறது. பகலில் ஷெரிஃபோடு விருந்துண்ணும் பிரபு லாக்ஸ்லி, இரவில் முக்காடு போட்ட ‘தி ஹுட்’. பேட்மேனைப் பார்த்து அடித்த நகல் என்று எல்லோரும் சொன்னார்கள். பேட்மேனுக்கு முன்னால் கதைநாயகர்களான ஸோரோ 1919-இலும், ஸ்கார்லெட் பிம்பர்னல் 1905-இலும் இதே இரட்டை வேடத்தைப் போட்டுவிட்டார்கள். மாறுவேடம் ராபினுக்குப் புதிதல்ல. அவன் குயவனாகப் போனதைச் சொன்னேனே. ஆனால் குயவன் வேடம் அவனைச் சந்தைக்குள், ஜனங்களுக்கு நடுவே கொண்டுபோனது. பிரபு வேடம் அவனை மாளிகைக்குள்ளேயே வைத்திருக்கிறது. கூட்டாளிகள் போய்விட்டார்கள், காடும் போய்விட்டது. ஷெர்வுட்டுக்கு அவன் போய்ச் சேர்வதற்குள் படம் முடிகிறது. மடாதிபதியின் பெட்டியைக் கவிழ்த்து எண்ணிய கைகளுக்குப் பதிலாக, வண்டிகள் வெடித்துப் பறக்கும் துரத்தலில் தங்கம் மூட்டை மூட்டையாக வந்து போகிறது. அதில் ஒரு காசு எந்த வீட்டு அடுப்பை எரியவைத்தது என்று நாம் பார்ப்பதே இல்லை. கார்டினல் என்ற உயர்நிலைக் குருவும் ஷெரிஃபும் எதிரிக்கே பணம் அனுப்பி அரசரைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்ற பெரிய இரகசியம் வெளிப்படும்போது, அடகில் போகவிருந்த அந்த ஒற்றை நைட்டின் நிலத்துக்காகப் பட்ட கவலையில் பாதிகூட எனக்கு வரவில்லை.

ராபின் ஹுட் கதையில் பணத்தைத் தொட்டால் பொறி பறக்கும் என்பதற்கு 1953-இல் அமெரிக்காவில் நடந்தது சாட்சி. இந்தியானா மாநிலப் பாடநூல் ஆணைய உறுப்பினர் ஏடா ஒயிட், பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுக்கும் கதை கம்யூனிசப் பிரசாரம், பள்ளிகளிலிருந்து அகற்ற வேண்டும் என்றார். மறு ஆண்டு இந்தியானா பல்கலைக்கழக மாணவர்கள் சிலர், ராபின் ஹுட்டின் தொப்பி இறகை நினைவூட்டும்படி, கோழி இறகுகளைப் பச்சைச் சாயத்தில் முக்கிக் கல்லூரி வளாகத்தில் விநியோகித்து எதிர்ப்புக் காட்டினார்கள். அதற்கடுத்த ஆண்டு பிரிட்டனில் தொடங்கிய ராபின் ஹுட் தொலைக்காட்சித் தொடருக்கு, கம்யூனிசச் சந்தேகத்தில் ஹாலிவுட்டில் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்ட ரிங் லார்ட்னர் ஜூனியர் போன்றவர்கள் புனைபெயரில் எழுதினார்கள். சட்டத்தால் விரட்டப்பட்டவனின் கதையை, வேலையிலிருந்து விரட்டப்பட்டவர்கள் எழுதி, அது அமெரிக்க வீடுகளிலேயே ஓடியது. 1938-இல் எரல் ஃப்ளின் நடித்த வண்ணப்படமும், பொருளாதார மந்தம் இன்னும் நீங்காத நாட்டில், வரியால் நொந்த குடிகளைத்தான் திரை நிறையக் காட்டியது. பசித்தவர்கள் சாப்பிடுவதைக் காட்ட அதற்கு நேரம் இருந்தது.

2018 படத்தின் கடைசியில் மரியனின் காதலில் தோற்ற, வில் என்ற பெயருள்ளவன் முகத்தில் தீக்காயத்தோடு புதிய ஷெரிஃபாகப் பதவி ஏற்கிறான். இரண்டாம் பாகத்துக்குப் போட்ட துண்டு அது. சுமார் 10 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுவதும் வசூலித்தது சுமார் 8.6 கோடி. அதிலும் திரையரங்குகளுக்குப் பங்கு போக வேண்டும். இரண்டாம் பாகம் வரவில்லை.